திருப்பருப்பதமும் தலவழிபாட்டின் உண்மையும்

சிவமயம்

எங்கும் நிறைந்த முழுமுதற்பொருளை ஓரிடத்தே சென்று காண்டல் எற்றுக்கு என்னும் வினா புதிதன்று. சித்தாந்த நூல் பயிலுவார் பலரும் ஒருகாலத்தன்றி ஒருகாலத்து இதனை எழுப்பியே தீருவர். சென்ற ஆண்டு எம்பாற் சிவஞானபோதம் பாடங்கேட்டு வந்த இளைஞர் ஒருவர், பன்னிரண்டாஞ் சூத்திரம் நடைபெற்ற நாளில் இதனைச் சற்றுக் கூர்மையாகவே வினவினார். "ஐயா, ஊரிலுள்ள திருக்கோயிலிற் சென்று வழிபட்டால் அமையாதோ? காட்டினும் மலையினும் உள்ள தலங்களை நாடி முதியோரும் மெலிந்தோரும் இடர்ப்படுதல் ஏன்? அன்றியும், மலையையும் ஆற்றையும் மரத்தையும் கைகூப்புதல் மாயையின் காரியமாகிய சடத்தைப் பதியென மயங்குதல் ஆகாதோ?" என்றார். யாம் நூன்முறை பற்றி விடை கூறினோம். அவ்விடை அவர் வாயை அடக்கிற்று. உள்ளத்தை நிறைத்ததாகத் தோன்றவில்லை. மெய்யைச் சொல்லின், எம் உள்ளத்தையும் அது நிறைக்கவில்லை. பின்னர்த் தைத் திங்களின் இறுதியில் அவரையும் உடனழைத்துக்கொண்டு திருப்பருப்பதஞ் சென்று மீண்டோம். அச்செலவினிடையே யாம் கற்றுக்கொண்டதனை அன்பர்கள் ஆராயும்பொருட்டு ஈண்டு எழுதுகின்றோம்.

தலத்தின் இயல்பு

திருப்பருப்பதம் இக்காலத்து ஸ்ரீசைலம் என வழங்கும். ஆந்திர நாட்டில், 2022-ஆம் ஆண்டிற் புதிதாக வகுக்கப்பட்ட நந்தியால் மாவட்டத்தில், நல்லமலைக் காட்டின் நடுவே, கிருட்டிணையாற்றின் தென்கரை மலைமேல் அமைந்த சிற்றூர் அது. எத்திசையினின்று வரினும் பல நாழிகை காட்டினூடே கடந்தே அதனை அடைதல் வேண்டும். இறைவர் மல்லிகார்ச்சுனர், தமிழ் வழக்கிற் பருப்பதநாதர். இறைவியார் பிரமராம்பிகை. சோதிலிங்கத் தலங்கள் பன்னிரண்டனுள் ஒன்றாக வடவரும் இதனைப் போற்றுவர். வீரசைவர்க்கு இது பீடத் தலங்கள் ஐந்தனுள் ஒன்று.

தமிழ்ச் சைவராகிய நமக்கும் இத்தலத்திற்கும் உள்ள தொடர்பு பழமையானது. மருதமரத்தைத் தலமரமாகக் கொண்ட மூன்று தலங்களுள் இது தலைமருது. சோழநாட்டுத் திருவிடைமருதூர் இடைமருது. பொருநைக்கரைத் திருப்புடைமருதூர் கடைமருது. வடக்கே நல்லமலை தொடங்கித் தெற்கே பொருநை ஈறாக ஒரு மரத்தின் பெயரால் மூன்று தலங்களைக் கோத்து நினைந்தனர் நம் முன்னோர். திருமூலதேவ நாயனார் கயிலையினின்றும் தென்றிசை போந்த வழியில் இப்பருப்பதத்தை வணங்கினார் என்பது சேக்கிழார் பெருமான் வாக்காற் பெறப்படும். மூவர் முதலிகளும் இதனைப் பாடியுள்ளார்கள். ஆளுடைய பிள்ளையார் பதிகம் முதற் றிருமுறையினும், ஆளுடைய அரசர் பதிகம் நான்காந் திருமுறையினும், ஆளுடைய நம்பிகள் பதிகம் ஏழாந் திருமுறையினும் உள்ளன.

தேவாரம் பெற்ற வடநாட்டுத் தலங்கள் ஐந்தையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். திருப்பருப்பதம், இந்திரநீலப் பருப்பதம், அனேகதங்காவதம், திருக்கேதாரம், நொடித்தான்மலை என்னும் ஐந்தும் மலையைச் சார்ந்த இடங்களே. காவிரிநாட்டுத் தலங்களிலே வயலும் வாளையும் மாடமும் மறுகும் பாடிய திருவாய்கள், இவ்விடங்களிற் காட்டையும் விலங்கையும் பாடின. நம்பியாரூரர் அருளிய பருப்பதப் பதிகத்திலே கோபுரச் சிறப்பில்லை, மதிற் சிறப்பில்லை. மானும் மயிலும், பன்றியும் யானையும், தினைப்புனங் காக்கும் குறமகளிரும், கதிர் கவர வரும் கிளிகளுமே அப்பதிகத்தை நிறைத்து நிற்கின்றன. இதனை யாம் நாற்பது ஆண்டாகப் பாடஞ் சொல்லி வருகின்றோம். சொல்லியும் அதன் பொருளை உணர்ந்திலோம் என்பது வழியில் விளங்கிற்று.

வழியில் நேர்ந்தது

மார்க்காபூர் வழியே மோட்டார் வண்டியிற் புறப்பட்ட யாம், இடையே வண்டி பழுதுற்றமையால், தோர்ணாலா என்னும் ஊரை அடைந்தபொழுது இரவு ஒன்பது மணி கடந்துவிட்டது. அவ்வூரினின்று ஸ்ரீசைலம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வழி முழுதும் காடு. புலிக்காப்பகமாக வகுக்கப்பட்ட காடாதலின் இரவு 9 மணிக்குச் சாவடியை அடைத்துக் காலை 6 மணிக்கே திறப்பர். சாவடியிற் காவல் நின்றவர் பணிவுடனே எம்மைத் தடுத்தார். யாம் பணிவுடன் மறுமொழி கூறினோம் அல்லேம். "மறுநாட் சோமவாரம், வைகறையிற் பாதாளகங்கையில் நீராடி வழிபடக் கருதி நெடுந்தொலை வந்திருக்கின்றோம், இறைவன் வழிபாட்டிற்குச் செல்வாரை விலங்கின்பொருட்டுத் தடுப்பதும் ஒரு முறையோ?" என்று சினந்து வினவினோம். உடன் வந்த இளைஞர் சித்தூர்ப் பக்கத்தவர், தெலுங்கு வல்லவர். எம் சொற்களை மொழிபெயர்க்க அவர் கூசியதை அன்று யாம் கவனித்திலோம்.

சாவடியின் ஓரத்தே கனப்பு மூட்டி அமர்ந்திருந்தார் செஞ்சு குடியினராகிய முதியவர் ஒருவர். செஞ்சுவர் நல்லமலைக் காட்டின் தொல்குடியினர். தேனும் கிழங்கும் கனியும் தேடி உண்டு வாழ்ந்து வந்தவர். மல்லிகார்ச்சுனர் வேடனாய் வந்து தம் குலத்துப் பெண்ணை மணந்தவர் என்பது அவர்தம் நம்பிக்கை. அவரைச் செஞ்சு மல்லய்யா என்றே அழைப்பர். அம்முதியவர் எம் சினத்தைக் கண்டு நகைத்திலர். நெருப்பினருகே எமக்கு இடம் விட்டு, "சாமி, இப்படி உட்காருங்கள். பகல் நமக்கு, இராப்பொழுதை மல்லய்யா அவைகளுக்குக் கொடுத்திருக்கிறார். விடிந்தால் நம் முறை வரும்" என்றார். இளைஞர் இதனைத் தமிழிற் கூறியபொழுது யாம் வாளா இருந்தோம்.

அவ்விரவு சாவடிக்கருகே ஓர் திண்ணையிற் கழிந்தது. உறக்கம் வரவில்லை. காட்டினுள்ளே மான் ஒன்று அச்சக்குரல் எழுப்பியது. சிறிது நேரத்திற்குப்பின் எல்லாம் அடங்கிற்று. வழக்கம்போல் மறுநாள் ஓதற்குரிய பதிகத்தை மனத்துட் கூட்டினோம். மானும் பன்றியும் களிறும் பிடியும் வரும் அப்பாடல்களை உருவிட்டுக்கொண்டே வருகையில் எமக்கு நாணம் உண்டாயிற்று. எவ்விலங்குகளை நம்பிகள் தலத்தின் சிறப்பாக எடுத்து ஏத்தினாரோ, அவ்விலங்குகளையே யாம் தலத்திற்குச் செல்லும் வழியின் இடையூறாகக் கண்டு வெகுண்டோம். பதிகம் எம் நாவில் இருந்தது. அதன் பொருள் நெருப்பருகே இருந்த எழுத்தறியாத முதியவரிடத்தே இருந்தது.

நூலால் ஆராய்தல்

அம்முதியவர் கூறியது சித்தாந்தத்திற்கு ஒத்ததோ என அவ்விரவே ஆராயத் தொடங்கினோம். ஒத்ததேயாம் என்க.

உயிர்கள் எண்ணிறந்தன; அனாதியே ஆணவமலத்தாற் பிணிப்புண்டன. அவற்றின்மேல் வைத்த அருளால் இறைவன் மாயையினின்று தனு, கரண, புவன, போகங்களை அவ்வவற்றின் வினைக்கீடாகப் படைத்துத் தருகின்றான். இது மக்களுயிர்க்கே உரியதென்று எந்நூலும் கூறவில்லை. புலியுயிர்க்குப் புலியுடல் தனு, காடு புவனம், இரவில் உலாவி இரைகொள்ளுதல் போகம். எனவே நல்லமலைக் காடு ஆங்குள்ள உயிர்களுக்கு இறைவன் அளித்த புவனமாம். வழிபாட்டின்பொருட்டாயினும், அப்புவனத்தினுட் பிற உயிர்க்குரிய பொழுதிற் புகுந்து அதனைக் கலைத்தல், ஓருயிர்க்கு இறைவன் கொடுத்ததனை மற்றோருயிர் பறித்தலாய் முடியும். அங்ஙனம் பறித்துப் பெறும் வழிபாட்டிற் புண்ணியம் விளையும் என்றல் பொருந்துமாறு இல்லை.

விலங்குயிர்க்கு வழிபாடு ஏது, அருள் ஏது எனின், திருக்காளத்தியிற் சிலந்தியும் பாம்பும் யானையும் வழிபட்டுப் பேறுபெற்றமையும், திருவானைக்காவிற் சிலந்தியும் யானையும் பூசித்தமையும் அறிந்த நாம் அங்ஙனம் வினாவுதல் கூடாது.

இனி, இளைஞர் எழுப்பிய முதல் ஐயத்தை எடுத்துக்கொள்வோம். இறைவன் எங்கும் நிறைந்தவனேல் ஓரிடத்திற்குச் செல்வது ஏன்? இதற்கு மெய்கண்டதேவர் காட்டிய உவமை பாலும் தயிரும் ஆகும். நெய் பாலிலும் உண்டு, தயிரிலும் உண்டு. பாலில் அது விளங்காது நிற்கும். தயிரில் விளங்கி நிற்கும். அங்ஙனமே இறைவன் எவ்விடத்தும் உளனாயினும், அன்பர் திருவேடத்தும் திருக்கோயிலினும் விளங்கி நிற்பன். ஏனையிடத்து விளங்காது நிற்பன். நிறைவில் வேறுபாடில்லை; விளக்கத்திலேயே வேறுபாடு. இது கற்றோர் யாவரும் அறிந்ததே.

இரண்டாம் ஐயமே எம்மை வருத்தியது. திருக்கோயிலுட் சிவலிங்கத் திருமேனியை வழிபடுதல் ஆகமத்தால் அமைந்தது. மலையையே வழிபடுதல் எவ்வாறு அமையும்? மலை சடமன்றோ? மலையே சிவம் என்போமாயின் உலகமே பிரமம் என்பாரோடு ஒன்றுபடுவோம். மலை வெறுஞ்சடம் என்று புறக்கணிப்போமாயின் அரசர் பெருந்தகை இதனை ஒரு பதிகத்தால் ஏத்தியது எவ்வாறு என்பதற்கு விடையில்லை.

மறுநாட் பொழுது புலர்ந்தபின் மலையேறுகையில், தலபுராணம் கூறும் வரலாறு ஒன்று நினைவிற்கு வந்தது. சிலாத முனிவர்க்கு மைந்தராய்த் தோன்றிய பருவதர் என்பார், இறைவனை என்றும் தம்மேல் தாங்கும் பேற்றை விரும்பித் தவம் புரிந்தார். அத்தவத்தின் பயனாக மலைவடிவாயினார். அம்மலையே இச்சீபருப்பதம் என்பது அவ்வரலாறு. இதனைப் பலகாற் படித்திருந்தும் கதையென்று கடந்து சென்றோம். இப்பொழுது இதுவே ஐயத்தை அறுத்தது.

என்னை? பன்னிரண்டாஞ் சூத்திரம் மலநீங்கிய அன்பரோடு மருவுதலையும், அவர்தம் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே கண்டு வணங்குதலையும் விதித்தது. அடியார் ஒருவகை, ஆலயம் ஒருவகை. பருப்பதத்திலோ இரண்டும் ஒன்றாயின. தவம் புரிந்த அடியாரே இறைவனைத் தாங்கும் ஆலயமாய் நின்றார். ஆதலின் இம்மலையை வணங்குவார் சடத்தை வணங்கினாரல்லர். பதியென்று மயங்கினாரும் அல்லர். அடியாரை வணங்கினார், அவர்பால் விளங்கி நிற்கும் இறைவனை வணங்கினார். மலை சிவமன்று, சிவத்தைத் தாங்குதற்கு விரும்பிய ஓர் உயிரின் தவக்கோலம். ஏகான்மவாதமும் இல்லை, புறக்கணிப்பும் இல்லை.

புராணக் கதை புகழ்ச்சியுரையாதல் கூடும். அதனைக்கொண்டு கோட்பாடு நாட்டுதல் எங்ஙனம் எனின், கூறுதும். கோட்பாடு சூத்திரத்தால் முன்னரே நாட்டப்பட்டது. புராணம் அதனை ஒழுக்கத்திற் செலுத்தும் வழியைக் காட்டிற்று. மலையை அடியாராகக் கொண்டு ஒழுகுவான், அதன்மேல் எச்சிலிலையை எறியான். அதன் மரத்தை வெட்டான். அதன் சுனையை மாசுபடுத்தான். அவ்வொழுக்கமே சரியை ஆகும்.

கண்டனவும் கருதினவும்

அன்று காலை முதற்கண் சிகரேசுவரத்தை அடைந்தோம். ஊரினின்று ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உயர்ந்த முடி அது. அங்கே நந்தியின் கொம்புகளினூடே நோக்கித் திருக்கோயிற் சிகரத்தைக் கண்டார்க்கு மறுபிறப்பில்லை என்பது வழக்கு. இளைஞர் எம்மை நோக்கினார். அவர் வினவுமுன்னரே விடையை ஆராய்ந்தோம். ஞானத்தாலன்றி வீடில்லை என்பது நம் துணிபு. கட்பார்வை ஒன்றே வீடு பயக்குமாயின் அங்கே பறக்கும் பருந்தும் வீடுபெறும். ஆயினும் அவ்வழக்கு பொய்யன்று. பண்டை நாளில் வெங்கடாபுரத்தினின்று நாகலூட்டி, பீமுனிகொலனு முதலிய இடங்களைக் கடந்து, பசியும் விடாயும் பொறுத்து, கால்நடையாக வந்தவர் தொலைவிலே அச்சிகரத்தைக் கண்ட நொடியில், யான் எனது என்னும் செருக்குச் சிறிதேனும் கழன்று நின்றிருப்பர். அக்கழற்சியே சரியை முதலிய நெறிகளின் வழியே ஞானத்திற்கு வித்தாம். காரணத்தின்மேற் காரியத்தை ஏற்றிக் கூறிய உபசார வழக்கு அது எனக் கொள்க. வண்டியினின்று இறங்கி ஒருகணம் நோக்கிப் படம் பிடித்துக்கொண்டு மீள்வார்க்கு அவ்வித்து முளைக்குமோ என்பதை அவரவர் உள்ளமே அறியும்.

திருக்கோயில் நெடிய கல்மதிலால் சூழப்பட்டது. மதிற்புறமெங்கும் யானையும் குதிரையும் வேட்டையும் தவமுனிவரும் வரிசைவரிசையாகச் செதுக்கப்பட்டிருத்தலைக் காணலாம். அடியார் சிவலிங்கத் திருமேனியைத் தம் கையால் தொட்டு வழிபடும் வழக்கம் இத்தலத்தில் உண்டு. இக்காலத்து அதற்கென வேளை வகுத்துள்ளனர். தமிழ்நாட்டு ஆகம முறையிற் பயின்ற எமக்கு அது புதுமையாகத் தோன்றினும், வேடர் கோமானாகிய கண்ணப்பரை நினைந்து அமைந்தோம்.

பாதாளகங்கை என்பது மலையடியில் ஓடும் கிருட்டிணையே. அதற்கு இறங்கும் படிகளைப் பதினான்காம் நூற்றாண்டில் விசயநகரத்து இரண்டாம் அரிகரரின் தேவியாகிய விட்டலாம்பை அமைப்பித்தார். 1981-இல் முற்றுப்பெற்ற பேரணையால் ஆறு இங்கே விரிந்த நீர்த்தேக்கமாயிற்று. அதன் நிறைமட்டம் கடல்மட்டத்தின்மேல் 885 அடி. ஆற்றங்கரை ஊர்கள் பல அந்நீரில் மூழ்கின. பழைய கோயில்கள் சிலவற்றைக் கல்கல்லாகப் பிரித்து ஆலம்பூர் முதலிய இடங்களிற் கொண்டுபோய் நிறுத்தினர். நாட்டிற்கு நீரும் மின்னொளியும் வேண்டப்படுவனவே. அவற்றை யாம் பழிக்கின்றிலோம். எனினும் தலம் என்றும் அழியாதென்று எண்ணி நாம் கவலையற்றிருத்தல் ஆகாதென்பதை அந்நீர்ப்பரப்பு எமக்கு உணர்த்திற்று. இறைவன் அழிவிலன், அவன் விளங்கும் இடமோ மாயையின் காரியமாதலின் அழிதற்குரியது. அழிதற்குரியதனையே பேணல் வேண்டும்.

பேணுகின்றோமா? சிகரத்திற்குச் செல்லும் வழியின் இருமருங்கும் நெகிழிப்பைகளும் உண்டு எறிந்த தாள்களும் கண்டோம். குரங்குகள் அவற்றைக் கிழித்து உள்ளிருந்தவற்றைத் தின்றுகொண்டிருந்தன. எறிந்தவர் யாவரும் நெற்றியில் நீறணிந்து வந்த வழிபாட்டினரே. அடியாராகிய மலைமேல் அடியாரென்று சொல்லிக்கொள்வார் எறிந்த குப்பை அது. எம் வண்டியிலும் அத்தகைய பைகள் இருந்தன என்பதை மறைக்கின்றிலோம். அவற்றைக் கட்டி ஊருக்கே மீளக் கொணர்ந்தோம்.

செல்லாமையும் வழிபாடே

மூன்றாநாள் இளைஞர்க்கு ஓர் ஆர்வம் உண்டாயிற்று. காட்டின் உள்ளிடத்தே இட்டகாமேசுவரி என்னும் அம்மை எழுந்தருளியிருக்கின்றாள். வழி கரடுமுரடானது, இசைவு பெற்று அதற்குரிய வண்டியிற் செல்லல் வேண்டும். "ஐயா, இத்துணைத் தொலைவு வந்து அதனைக் காணாது மீளலாமா?" என்றார். எம் முதுகெலும்பு அவ்வண்டியின் அசைவைத் தாங்காதென்பது ஒரு காரணம். வேறொரு காரணமும் இருந்தது.

அரசர் காளத்தியினின்று இப்பருப்பதம் போந்து வழிபட்டு, அதன்பின் கயிலையை நோக்கித் தம் திருமேனி தேய்ந்தழியுமாறு சென்றார். அவரை இறைவன் தடுத்து மீட்டு, திருவையாற்றிலே கயிலைக் காட்சி அருளினான். பிள்ளையாரும் நம்பிகளுமோ திருக்காளத்தியில் இருந்தவாறே பருப்பதத்தையும் கேதாரத்தையும் நினைந்து பாடினர் என்பர் சேக்கிழார். சென்று வழிபட்டதும் உண்டு. செல்லாது வழிபட்டதும் உண்டு. சென்று தடுக்கப்பட்டு, மீண்டவிடத்தே காட்சி பெற்றதும் உண்டு. செலவினால் மட்டும் பேறு விளைவதாயின் காளத்தியிற் பாடிய பதிகங்கள் பயனிலவாய் முடியும். செலவு வேண்டா எனின் அரசரது தேய்வு பொருளற்றதாகும். இரண்டும் அன்பின் செயலே. இன்ன பொழுது செல்லுக, இன்ன பொழுது நிற்க என்பதை அறிதலும் அன்பின்பாற்பட்டதே.

இதனைக் கூறி, "நீவிர் விரும்பின் சென்று வருக, யாம் இங்கே நிற்போம்" என்றோம். அவர் சிறிது நின்று எண்ணினார்; பின், "நானும் இங்கேயே ஓதுகிறேன், ஐயா" என்றார். காட்டின் விளிம்பிலே, அம்மை எழுந்தருளிய திசை நோக்கி நின்று, நம்பிகள் பதிகம் முழுதும் இருவரும் ஓதினோம். மரக்கிளையில் ஒரு மயில் இருந்தது. யாம் ஓதி முடிக்குந்துணையும் அது பறந்திலது.

முடிபு

மீளும் வழியில் தோர்ணாலாச் சாவடியில் இறங்கினோம். எம்மைத் தடுத்த காவலரைக் கண்டு, அன்று பேசிய கடுஞ்சொற்களைப் பொறுக்குமாறு வேண்டிக்கொண்டோம். அவருக்கு அது நினைவிலேயே இல்லை; எம்மைப்போல் நாள்தோறும் பலர் வெகுள்வர் போலும். செஞ்சு முதியவரை வினவினோம். அவர் காட்டினுட் சென்றிருந்தார்.

தொகுத்துக் கூறுமிடத்து: இறைவன் எங்கும் நிறைந்தவனாயினும் தலத்தில் விளங்கி நிற்றலின் தலவழிபாடு வேண்டப்படும். மலையும் காடும் பதியல்ல. பதியைத் தாங்கும் அடியாராகவும் பிற உயிர்கட்கு அவன் அளித்த புவனமாகவும் அவற்றைக் கொள்ளல் வேண்டும். அங்ஙனங் கொள்வார்க்குக் கோயிலின் எல்லை மதிலோடு முடியாது. காட்டுச் சாவடியிலேயே தொடங்கும். அடியார் திருக்கூட்டங்களை வடநாட்டுத் தலங்களுக்கு அழைத்துச் செல்லும் மடங்களும் மன்றங்களும், பதிகம் ஓதுவித்தலோடு இவ்வொழுக்கத்தையும் முன்னரே பயிற்றுவித்து அழைத்துச் செல்லுமாயின் நலமாம். இரவிற் காட்டுவழி செல்லற்க. கொண்டுசென்ற உறைகளை மீளக் கொணர்க. அக்காட்டில் வாழ்வாரைக் கண்டால் அவர் சொல்லைக் கேட்க. யாம் இவற்றைக் கற்றல் வேண்டி அறுபதாண்டு கடந்தபின் ஒரு திண்ணையில் விழித்திருக்க வேண்டியிருந்தது.

திருச்சிற்றம்பலம்